தேங்காய்ச் சக்கையிலும் ஒரு வேலை இருக்கிறது, ஆச்சி

ஆச்சி, கவலைப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான், இனி மகளை எதில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருவோம்.

மகள் கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். உங்கள் கொழுந்தனாரோ வளவு வீட்டில், அதாவது பூர்வீகக் கூட்டு வீட்டில், உங்களுக்குள்ள பங்கை விற்றாவது சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கச் சொல்கிறார். விற்கப்போவது அவர் பங்கு இல்லையே! ஆசையில்லாத படிப்புக்குச் சொத்தை விற்பதை நான் ஒப்பமாட்டேன்.

நீட், வங்கித் தேர்வு பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் சொல்வது உணவுப் பகுப்பாய்வு, அதாவது உணவில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்கிற வேலை.

கல்யாணச் சமையல் முடிந்தால் பின்கட்டில் வாழைப்பூ மடல், உளுந்தந்தொலி, பாலெடுத்த தேங்காய்ச் சக்கை என்று குவிகிறதல்லவா? அந்தச் சக்கையை மாவாக்கி விற்கிறவர் பாக்கெட்டில் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போட, 100 கிராமுக்கு 6 கிராமாவது நார் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று சொல்வது ஆய்வகம்.

சக்கையில் எண்ணெய் அதிகம். முதலில் பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானால் அதை எடுக்கவேண்டும். பிறகு வயிற்றுச் செரிமானமே குடுவைக்குள் நடக்கிறது. கொதிநீர்த் தொட்டியில் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும்; 60 டிகிரியில் புரோட்டியேஸ் நொதி புரதத்தைக் கரைக்கும்; மிச்ச மாவை அமைலோகுளுக்கோசிடேஸ் என்ற இன்னொரு நொதி பார்த்துக்கொள்ளும். அதன்மேல் நாலு பங்கு ஆல்கஹாலை ஊற்றினால், கரைந்து கிடந்த நாரும் திரண்டு அடியில் படியும். வடிகட்டி, உலர்த்தி, எடை பார்த்தாலும் வேலை தீராது. ஒரே சாம்பிளை இரண்டாக ஓட்டி, ஒன்றில் நைட்ரஜனை அளக்கும் கெல்டால் முறையில் மிஞ்சிய புரதம் பார்த்து, மற்றதை 525 டிகிரியில் சாம்பலாக்கி, இரண்டையும் அந்த எடையிலிருந்து கழிக்கவேண்டும். சக்கையே போடாமல் ஓட்டிய வெற்றுச் சோதனையின் எடையையும் கழித்தால் நிற்பதுதான் நார்ச்சத்து. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைக்கும் பழைய முறையில் பெக்டின் போன்ற கரையும் நார் கைநழுவிவிடும்.

டைட்ரேஷனில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், அளவு ஒத்துவரும்வரை லேபை விட்டு நகரமாட்டாள் என்று மகளைப் பற்றிக் குறைபட்டீர்களே, இங்கே அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம். தொடக்கத்தில் சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்கவேண்டும். அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல் சேர்த்துவிடுங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் சொற்பம். பிறகு எம்எஸ்சி, மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சிஎஃப்டிஆர்ஐயில் ஃபுட் டெக்னாலஜிக்கும் முயலலாம். எம்எஸ்சியோடு மூன்று வருட உணவு ஆய்வக அனுபவம் இருந்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் அனலிஸ்ட் தேர்வு எழுதலாம்.

அரசு கல்லூரிக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். வீட்டுப் பங்கை விற்கும் பத்திரத்தில் மட்டும் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.