டிரில் மெஷினுக்குள்ள என்ன நடக்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிரில் மெஷின முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

பதில்: மின்சாரத்துல ஓடுற டிரில்லுக்கு 1889ல பேட்டன்ட் வாங்குனவங்க ஆஸ்திரேலியா மெல்போர்ன்ல இருந்த ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன்னு ரெண்டு பேரு. அது பாறையும் நிலக்கரியும் துளைக்கிறதுக்கு, கையில தூக்கிட்டுப் போற சாமான் கிடையாது. கையில புடிக்கிற மாதிரி ஒண்ண 1895ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல ஃபைன் சகோதரர்கள் செஞ்சாங்க. ஆனா இன்னைக்கு நாம பாக்குற துப்பாக்கிப் புடியும் விரலால அழுத்துற டிரிகரும் பிளாக் அண்ட் டெக்கர்ங்கற அமெரிக்கக் கம்பெனி 1917ல வாங்குன பேட்டன்ட்ல வந்தது. என்னைக் கேட்டா அதுதான் பெரிய விஷயம், ஏன்னா பிட், அதாவது முன்னாடி மாட்டுற துளைக்கிற முனை, எங்கயாவது சிக்கி மெஷின் கைய முறுக்க ஆரம்பிச்சா, புடிய விடாமலே விரல மட்டும் எடுத்தா போதும், நின்னுடும்.

கேள்வி: கார்ட்லெஸ் டிரில் நாசா கண்டுபிடிப்புன்னு சொல்றாங்களே, நெஜமா?

பதில்: இல்லைங்க. பிளாக் அண்ட் டெக்கர் 1961லயே நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட டிரில்ல கொண்டுவந்துட்டாங்க, நாசாவுக்கு வேலை பாத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். நிலாவுல தரைக்கு அடியில இருந்து மண் சாம்பிள் எடுக்கணும், அங்க கரன்ட் ஏது, அதனால பேட்டரி டிரில் போச்சு. 1971ல அப்போலோ 15ல டேவிட் ஸ்காட் அத வெச்சு, தரைக்கு அடியில வெப்பம் அளக்குற கருவிய இறக்க துளை போட்டப்ப என்ன ஆச்சுன்னா, நெனச்ச ஆழத்துக்கு இறங்கவே இல்ல. நிலா மண்ணு ஆழம் போகப் போக ரொம்ப இறுகிக் கெடந்துச்சு, அதோட குழாய் மேல சுத்தி வர்ற பள்ளம் ஒவ்வொரு இணைப்புலயும் ஆழம் கம்மியா இருந்ததால வெட்டுன தூள் மேல ஏற வழியில்லாம அங்கயே அடைச்சுக்கிச்சு. சுமார் 2.4 மீட்டர் நீளத்துக்கு இறக்குன சாம்பிள் குழாய வெளிய இழுக்க ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து படாத பாடு பட்டாங்க. அப்போலோ 16க்கு அந்தப் பள்ளத்த மாத்தி செஞ்சு அனுப்புனாங்க. இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஓட்டை போடுறதுல பாதி தான் வெட்டுறது, மீதி பாதி தூள வெளிய கொண்டுவர்றது. கடைசி கேள்விக்கும் இது வேணும்.

கேள்வி: ஒரே மாதிரி மெஷின், ஒண்ணுல 18 வோல்ட், இன்னொண்ணுல 20 வோல்ட்னு போட்டிருக்கு. எது பவர் அதிகம்?

பதில்: ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணு தான். உள்ள 5 லித்தியம் செல் வரிசையா இருக்கும், ஒண்ணு 3.6 வோல்ட்னா 18. ஃபுல் சார்ஜ் ஆனதும் செல் 4.2 வரைக்கும் போகும், அத கணக்குல எடுத்தா 21, அதைத்தான் 20 மேக்ஸ்னு எழுதுறாங்க. எவ்ளோ நேரம் ஓடும்னு தெரியணும்னா ஆம்பியர் அவர் பாருங்க.

கேள்வி: பிரஷ்லெஸ்க்கு கூட காசு குடுக்கலாமா?

பதில்: தினமும் வேலை பாக்குறவங்கன்னா கண்டிப்பா. பழைய வகை மோட்டார்ல கார்பன் பிரஷ் சுத்துற ஆர்மேச்சர் மேல உரசிக்கிட்டே கரன்ட் குடுக்கும், ஓடும்போது சைடுல இருக்குற காத்து ஓட்டை வழியா உத்துப் பாத்தீங்கன்னா நீலமா பொறி தெரியும், அதுல கொஞ்சம் பேட்டரி சார்ஜும் வீணாப் போகுது, பிரஷ்ஷும் தேயுது. பிரஷ்லெஸ்ல காந்தம் சுத்தும், காயில் அசையாம நிக்கும், எந்தக் காயிலுக்கு எப்ப கரன்ட் போகணும்னு சர்க்யூட் பாத்துக்கும். உரசல் இல்ல, சூடு கம்மி, ஒரே சார்ஜ்ல அதிக நேரம் ஓடும். எப்பவாச்சும் ஒரு ஸ்க்ரூ முடுக்குறதுக்கு மட்டும்னா பிரஷ் வெச்சதே தாராளமா போதும்.

கேள்வி: கான்கிரீட் செவுத்துல எவ்ளோ அழுத்துனாலும் பிட் இறங்க மாட்டேங்குது, மெஷின் கோளாறா?

பதில்: முதல்ல திசை பட்டன பாருங்க, ரிவர்ஸ்ல இருந்தா சத்தம் மட்டும் வரும், வெட்டாது, இது நெறைய பேருக்கு நடக்குது. அடுத்து ஹேமர் மோடுல இருக்கா, நுனியில கார்பைடு வெச்ச கான்கிரீட் பிட் தான் மாட்டியிருக்கா, அந்த நுனி மழுங்கலையான்னு பாருங்க. எல்லாம் சரின்னா மெஷின் வகை தான் காரணமா இருக்கும். சாதா ஹேமர் டிரில்ல பல்லு வெச்ச ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கி தட்டுது, தட்டுற எண்ணிக்கை அதிகம், ஆனா ஒவ்வொரு அடியும் சின்னது, அதுவும் நீங்க அழுத்துனா தான். செங்கல்லுக்கு அது சரி. ரோட்டரி ஹேமர்ல உள்ள பிஸ்டன் காத்த அமுக்கி ஒரு இரும்ப வீசி அடிக்குது, அடி கனமா விழும், நீங்க லேசா புடிச்சுக்கிட்டாலே இறங்கும். கான்கிரீட்ல அடிக்கடி வேலைன்னா அதத்தான் வாங்கணும்.

இருக்குறத வெச்சே முடிக்கணும்னா முதல்ல சின்ன பிட்ல போட்டு அப்புறம் பெருசு போடுங்க, கொஞ்சம் கொஞ்சம் இறங்குனதும் பிட் சுத்திக்கிட்டு இருக்கும்போதே வெளிய இழுத்து தூள கொட்ட விடுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க, உள்ள வயர் போகுதான்னு முன்னாடியே பாத்துடுங்க. நல்லா இறங்கிட்டு இருந்தது சட்டுன்னு நின்னு டங்குன்னு சத்தம் மாறுச்சுன்னா கான்கிரீட்டுக்குள்ள இருக்குற இரும்புக் கம்பி மேல பட்டிருக்கு, அங்க மல்லுக்கட்டுனா பிட் தான் போகும், ஓட்டைய கொஞ்சம் தள்ளிப் போடுங்க.