அச்சை நிறுத்துவதும் கோட்டை வெட்டுவதும்

கேள்வி: புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் புள்ளி வரைபடம் போடுகிறேன். எக்ஸ்லிம் மூலம் 0 முதல் 100 என்று எல்லை கொடுத்தும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடுகிறது. என் தரவு 20 முதல் 80 வரைதான். ஏபிலைன் போட்ட போக்குக்கோடோ சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த இடம் தானாக வருவது. நீங்கள் கொடுக்கும் எல்லையை ஆர் இரு பக்கமும் 4 சதவீதம் நீட்டிக்கொள்ளும். அதனால் உங்கள் அச்சு உண்மையில் -4 முதல் 104 வரை. எக்ஸ், ஏ, எக்ஸ், எஸ் என்ற நான்கு எழுத்தில் ஓர் அளவுரு இருக்கிறது. அதற்கு ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஐ' என்று கொடுங்கள், நீட்டல் நின்றுவிடும். அப்புறம் சரியாக எல்லைமேலேயே ஒரு புள்ளி விழுந்தால் பாதி வெட்டுப்படும். அந்தப் புள்ளிகளை வரையும் கட்டளையில் மட்டும் எக்ஸ்பிடி-யை ட்ரூ ஆக்கினால் முழுதாகத் தெரியும்.

ஏபிலைனுக்குச் சாய்வும் வெட்டுத்துண்டும்தான் தெரியும், உங்கள் தரவு எங்கே முடிகிறது என்று தெரியாது. கிளிப் கட்டளையால் வெட்டலாம். ஆனால் அடுத்த படம் தொடங்கும்வரை பின்னால் எழுதும் குறிப்புகளையும் அது வெட்டும். நான் அதைத் தொடுவதில்லை. ப்ரெடிக்ட் மூலம் 20-க்கும் 80-க்கும் போக்குக்கோட்டின் மதிப்பு வாங்கி, இரண்டையும் செக்மென்ட்ஸ் கொண்டு இணைத்துவிடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் ஆர் மொழியின் இன்னொரு வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2-க்கு மாறினால், அங்கே செங்குத்து அச்சுக்கு எல்லை கொடுக்கும் ஒய்லிம் வேறு மாதிரி வேலை செய்யும். எல்லைக்கு வெளியே உள்ள மதிப்புகளை மறைக்காது, நீக்கியே விடும். ஒருமுறை உயரத்தில் இருந்த சில புள்ளிகள் படத்தைச் சப்பையாக்குகின்றன என்று ஒய்லிம் வைத்தேன். 7 வரிசைகள் நீக்கப்பட்டதாக எச்சரிக்கை வந்தது, கவனிக்கவில்லை. மிச்சப் புள்ளிகளை வைத்தே ஜியோம் ஸ்மூத் கட்டளை போக்குக்கோடு போட்டிருக்கிறது. சாய்வு பாதியாகக் குறைந்திருந்ததை, போக்குக்கோட்டைக் கணக்கிடும் எல்எம் கட்டளை தந்த எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் கண்டேன். அறிக்கை அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன். அங்கே கோஆர்ட் கார்ட்டீசியனுக்குள் எல்லை கொடுங்கள். பார்வை மட்டும் சுருங்கும், கணக்கு முழுத் தரவிலும் நடக்கும்.