மழைக்குப் பிறகு பச்சையாகும் குளம்

சுங்கை சிப்புட் வீட்டு நீச்சல் குளத்தில் மாத்திரை தவறாமல் போட்டும், ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு பாசி திரும்புகிறது என்று எழுதியிருந்தீர்கள், ஐயா. எனக்கு அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். அது பெரும்பாலும் டிரைகுளோர். குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் விடும். குளோரின் தீர்ந்துபோகும், அமிலம் தங்கிவிடும். அது ஏற ஏறக் குளோரின் கைகட்டி நிற்கும்.

முதலில் அந்த அமிலத்தை அளந்து பாருங்கள். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். மழைக்காலத்தில் முழுவதும் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் குளத்தையே தூக்கிவிடும்.

பிறகு பிஎச் அளவை 7.2க்கு இறக்கி, சுவரையும் ஏணியின் பின்புறத்தையும் நன்றாகத் தேய்த்து, பொழுது சாய்ந்ததும் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளைப் போடுங்கள். 40,000 லிட்டருக்கு 65 சதவீதத் தூள் ஒரு கிலோ; சுமார் 16 பிபிஎம் ஏறும். மாத்திரை வைத்த டப்பாவில் மட்டும் இந்தத் தூளைப் போடாதீர்கள், வெடிக்கலாம். இரவெல்லாம் பம்பு ஓடட்டும். விடிவதற்குள் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் சாகவில்லை; மறுநாள் மாலையும் போடுங்கள்.

பக்கத்துச் செம்பனைக்குப் போடும் உரம் மழையில் வழிந்து வந்தால் பாசிக்கு விருந்துதான். அந்தப் பக்கம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.