கேளுங்க சொல்றேன்: ரேடியோல ஆட்டம் போடலாமா?

நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் ரேடியோ பத்தி போன இதழ்ல நாலு வரி எழுதினேன், அதுக்கே இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பாக்கல. நிறைய பேர் டான்ஸ் மியூசிக் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே.

ஃபீனிக்ஸ் வாசகர்: அண்ணா, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கார்ல வரப்ப ரேடியோதான் எனக்குத் துணை. வெளிநாட்டுல டான்ஸ் ஸ்டேஷன்னே தனியா இருக்காமே, நம்ம ஊர்ல வெள்ளி சனி ராத்திரி மிக்ஸ் போடுறாங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி கேக்குறது மிக்ஸ் ஷோ தம்பி. அந்த ஸ்டேஷன் பகல் பூரா பாப், ஆர் அண்ட் பி, நியூஸ், டிராஃபிக், பேச்சுன்னு ஓடிட்டு, ராத்திரியானா ரெண்டு மூணு மணி நேரத்த ஒரு டிஜே கையில குடுத்துடும். டான்ஸ் ஃபார்மட்னா அப்படி இல்ல, காலைல ஏழு மணிக்கு புள்ளைங்கள ஸ்கூல்ல விடப் போறப்பவும் ஹவுஸ், டிஸ்கோ, டிரான்ஸ்னு டான்ஸ் பாட்டு வகைங்கதான் ஓடும். ஃபார்மட்ங்கறது பாட்டு வகை மட்டும்னு நெனச்சுடாதீங்க, புதுப் பாட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரணும், போன வருஷத்து ஹிட் எவ்ளோ, பழசு எவ்ளோ, விளம்பரம் எந்த நிமிஷத்துல, அறிவிப்பாளர் எத்தனை செகண்ட் பேசலாம்னு ஒரு மணி நேரத்த வட்டம் போட்டு பிரிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு கிளாக்னு பேரு. மிக்ஸ் ஷோல டிஜேக்கு இந்த கிளாக் கட்டுப்பாடு ரொம்ப கம்மி. அதனாலதான் ராத்திரி கேக்குறது உங்களுக்கு உயிரோட இருக்குற மாதிரி தெரியுது.

லெனேசியா வாசகி: டான்ஸ் ஸ்டேஷன்னு ஆரம்பிக்கறாங்க, கொஞ்ச நாள்ல வேற பாட்டுக்கு மாறிடறாங்க. ஏன் நிக்கவே மாட்டேங்குது?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும்க்கா, ஏன்னா எல்லாரும் நெனக்கிற மாதிரி கேக்க ஆள் இல்லாம அது சாகல.

நியூயார்க்ல டபிள்யூகேடியூன்னு ஒரு ஸ்டேஷன். 1978 ஜூலை வரைக்கும் மெதுவான ராக் பாட்டு போட்டுட்டு யாரும் கண்டுக்காம கெடந்தது, திடீர்னு டிஸ்கோக்கு மாறினாங்க, அந்த வருஷம் முடியறதுக்குள்ள பல வருஷமா ஊரையே ஆண்ட டபிள்யூஏபிசிய கீழ தள்ளிட்டு நம்பர் ஒன் ஆயிடுச்சு. அதப் பாத்து அமெரிக்கா முழுக்க ஸ்டேஷன்காரங்க டிஸ்கோக்குத் தாவினாங்க. நியூயார்க்ல அந்தப் பாட்டுக்கு கிளப் இருந்துச்சு, ஆடுற கூட்டம் இருந்துச்சு, கிளப்ல எது ஓடுதுன்னு பாத்து ரேடியோல போட்டாங்க. மத்த ஊர்ல நிறைய பேர் அந்த லிஸ்ட்ட மட்டும் எடுத்துட்டு வந்தாங்க. 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோ பேஸ்பால் மைதானத்துல ரசிகர்கள் கொண்டு வந்த டிஸ்கோ ரெக்கார்டுங்கள ஒரு பெட்டில போட்டு வெடி வச்சாங்க, கூட்டம் மைதானத்துக்குள்ள பாஞ்சு அடுத்த மேட்ச்சே நடக்கல. அந்தக் கோவத்துல பாட்டு பிடிக்காதது மட்டும் இல்ல, அந்தப் பாட்ட வளத்த கருப்பர், லத்தீன், ஓரினச் சேர்க்கையாளர் கூட்டத்து மேல இருந்த வெறுப்பும் கலந்திருந்துச்சுன்னு நான் உறுதியா நம்பறேன். டபிள்யூகேடியூவும் 1985ல ராக் ஸ்டேஷனா மாறிடுச்சு.

அதே சிகாகோல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ரெண்டே வருஷத்துல, 1981ல, டபிள்யூபிஎம்எக்ஸ்னு ஒரு ஸ்டேஷன் உள்ளூர் டிஜே அஞ்சு பேர சேத்து ஹாட் மிக்ஸ் ஃபைவ்னு மிக்ஸ் போட வச்சுது. பசங்க அத கேசட்ல பதிவு பண்ணி கைக்குக் கை மாத்தினாங்க. வேர்ஹவுஸ் கிளப்ல டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வளத்த அந்த சத்தம், ஹவுஸ், கிளப் வாசல்ல கூட கால் வைக்காத பசங்க வீட்டுக்கும் போனது பெரும்பாலும் இந்த மாதிரி ரேடியோ மிக்ஸ் வழியாதான். லண்டன் கிஸ் எஃப்எம் கதையும் கிட்டத்தட்ட இதேதான், 1985ல லைசென்ஸ் இல்லாத திருட்டு ஸ்டேஷனா ஆரம்பிச்சு, லைசென்ஸுக்கு மொத தடவை கேட்டு கெடைக்காம, மறுபடி கேட்டு வாங்கி 1990 செப்டம்பர் 1ஆம் தேதி முறையா காத்துல வந்தாங்க. உள்ள உக்காந்து பாட்டு போட்டவங்கள்ல பாதிப் பேர் ராத்திரி கிளப்ல பாட்டு போடறவங்கதான்.

காசு கணக்கும் ஒண்ணு இருக்கு. ரேடியோக்கு பெரிய வருமானம் காலை வேலைக்குப் போற நேரமும் சாயங்காலம் திரும்புற நேரமும். டான்ஸ் கேக்குறவங்க உசுப்பேறுறது ராத்திரில, அப்ப விளம்பர ரேட் கம்மி. கிளப்ல ஏழு எட்டு நிமிஷம் ஓடற பாட்ட ரேடியோக்கு மூணு நாலு நிமிஷமா வெட்டணும், வெட்டினா மெல்ல மெல்ல ஏறுற அந்த சுகமே போயிடும். போதாக்குறைக்கு ஹவுஸ் கேக்குறவனுக்கு டிரான்ஸ் ஆகாது, டிரான்ஸ் கேக்குறவனுக்கு டிரம் அண்ட் பேஸ் ஆகாது. முதலாளிக்கு பயம் வந்தா மொதல்ல அனுப்பறது உள்ளூர் டிஜேவத்தான், அந்த எடத்துல கம்ப்யூட்டர் லிஸ்ட் வந்து உக்காரும், அதோட ஸ்டேஷன் உயிர் போச்சு. ஆனா அக்கா, ஊர் மட்டும் அத மறக்கறதே இல்ல. 1996ல நியூயார்க்ல அதே டபிள்யூகேடியூ பேர வேற அலைவரிசைல டான்ஸோட திரும்பக் கொண்டு வந்தாங்க, வந்த வேகத்துல மறுபடி மேல ஏறிடுச்சு.

டொங்காட் வாசகி: பேரன் கேக்குறது எல்லாம் ஒரே டம் டம்னு இருக்கு ராஜா, இதுல என்னத்தக் கண்டானோ!

ஆயா, ஒரு நாள் அவன் பக்கத்துல உக்காந்து அந்த டம்முக்கு நடுவுல என்ன மாறுதுன்னு மட்டும் கேளுங்க. ஹவுஸ்ல நிமிஷத்துக்கு 120லேர்ந்து 130 அடி வரைக்கும் வரும், அந்த அடி மாறவே மாறாது, நாலு அடிக்கு நாலு தடவையும் கிக், அதான் நீங்க சொல்ற அந்த டம், விழும். அது ஆடறவன் காலுக்குப் போட்ட தரை. மேல கைதட்டு, தாளம், குரல் எல்லாம் ஒண்ணொண்ணா வந்து ஏறும், எறங்கும். காவடி அன்னிக்கு கோயில்ல தவில்காரர் ஒரே நடைய விடாம வாசிக்க வாசிக்க எடுக்கறவங்களுக்கு அருள் வரும்ல, விடாம வர்ற அடிக்கு என்ன சக்தின்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

சாட்ஸ்வொர்த் வாசகர்: அமெரிக்கா, லண்டன் கதை எல்லாம் சரி. நம்ம நாட்டுல அந்தக் காலத்துலயே ஏன் இப்படி ஒரு ஸ்டேஷன் வரல? நம்ம பசங்களுக்கு ஆடத் தெரியாதா?

ஆடத் தெரியாதாவா! சிக்கல் காத்த பங்கு போட்டதுல இருந்துச்சு. அந்தக் கால நிறவெறி அரசாங்கம் ரேடியோவையும் எனம் பாத்து மொழி பாத்து பிரிச்சு வச்சிருந்தது. கருப்பின மக்களுக்கு மொழி மொழியா ரேடியோ பான்டுன்னு ஒரு சேவை, 1983ல இந்திய வம்சாவளி நமக்குன்னு ரேடியோ லோட்டஸ், 1986ல நகரத்து கருப்பின மக்களுக்குன்னு மெட்ரோ எஃப்எம். லோட்டஸ் வந்தப்ப நம்ம பாட்டு, நம்ம மொழி வீட்டுக்குள்ள கேட்டுச்சே, அந்த சந்தோஷத்த நான் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா டான்ஸ் ஃபார்மட் பொறந்தது வேற வேற தெருக்காரங்க ஒரே தரைல சேந்து ஆடின ஊர்ல, இங்க குரூப் ஏரியா சட்டம் போட்டு தெருவையே பிரிச்சிட்டு அலைவரிசையையும் பிரிச்சா அது எங்கேர்ந்து வரும்.

அப்புறம் 1994ல நிறவெறி ஆட்சி முடிஞ்சுது, அதுக்கப்புறம் புது லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க. 1997ல ஜோகன்னஸ்பர்க்ல ஒய்எஃப்எம் வந்து க்வைட்டோவ தூக்கிப் பிடிச்சுது. ஹவுஸோட வேகத்தக் கொறைச்சு, டவுன்ஷிப் (கருப்பின மக்கள ஒதுக்கி வச்ச குடியிருப்பு) பேச்ச மேல வச்சா அதுதான் க்வைட்டோ. அப்பதான் இந்த நாட்டுப் பசங்க தங்களோட டான்ஸ் மியூசிக்க ரேடியோல பகல் வெளிச்சத்துல கேட்டாங்க.

அம்லாஸி பக்கத்துல வேலை பாக்குற வாசகர்: கோம் மியூசிக் டாக்ஸில கேட்டே பழகிட்டேன். அது ரேடியோக்கு ஏன் லேட்டா வந்துச்சு?

ரேடியோவுக்காக யாரும் அத செய்யல, அதான் காரணம். டர்பன் டவுன்ஷிப் வீட்டுல பெட்ரூம்ல கம்ப்யூட்டர் வச்சு செஞ்சாங்க, ஃபைலா மாத்திக்கிட்டாங்க, மினிபஸ் டாக்ஸிக்காரங்க சத்தமா போட்டு ஊர் பூரா சுத்தினாங்க, எந்தப் பாட்டு ஹிட்டுன்னு டாக்ஸிதான் முடிவு பண்ணுச்சு. நிறைய பாட்டுல குரலே இருக்காது, கிக் நேரா நாலு அடிக்கும் விழாம ஒடஞ்சு ஒடஞ்சு விழும், இருட்டா இருக்கும், பகல்ல சோப்பு விளம்பரத்துக்கு அடுத்து இத எப்படிப் போடறதுன்னு ஸ்டேஷன்காரங்க முழிச்சாங்க. கடைசில உலகம் தேடி வந்துச்சு, 2019ல அமெரிக்கப் பாடகி பியான்சே லயன் கிங் படத்த ஒட்டித் தொகுத்த ஆல்பத்துல, கோம் செய்யற டர்பன் டிஜே லாக் வேலையும் இருக்கு. அம்லாஸில பொறந்த பிளாக் காஃபி 2022ல டான்ஸ், எலக்ட்ரானிக் ஆல்பத்துக்கு கிராமி வாங்கினாரு, அவர் கோம் இல்ல, ஹவுஸ், ஆனா அதே டர்பன் மண்ணுதான். இப்படிப்பட்ட ஊர்ல ஒரு டான்ஸ் ஸ்டேஷன் நடத்தறவங்க வெளிநாட்டு சார்ட்ட பாத்து லிஸ்ட் போட்டா எனக்கு வயிறு எரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: கம்யூனிட்டி ரேடியோல சனிக்கிழமை ஒரு மணி நேரம் குடுத்திருக்காங்க. குத்துப் பாட்டையும் ஹவுஸையும் சேத்து மிக்ஸ் பண்றேன், எவ்ளோ பாத்தாலும் ஒட்ட மாட்டேங்குது, பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கற கணக்கு) ரெண்டும் சரியாதான் இருக்கு. என்ன பண்ணலாம்?

ரொம்ப நல்ல கேள்வி, படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். பிபிஎம் சரியா இருந்தும் ஒட்டலன்னா நடைய பாருங்க. நம்ம டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, ஒரு அடிக்குள்ள மூணு மூணா போகும். ஹவுஸ் சதுஸ்ரம், அடிக்குள்ள நாலு. பெரிய அடி ரெண்டும் ஒண்ணா விழுந்தாலும் உள்ள இருக்கிற சின்ன அடிங்க ஒண்ணோட ஒண்ணு மோதும், கேக்கறவருக்கு காரணம் தெரியாது, ஆனா கால் தடுமாறும். அதனால மாத்தற எடத்துல ஹவுஸ் பாட்டோட ஹை ஹேட்ட (டிக் டிக்னு வர்ற சின்ன தட்டு சத்தம்) ஈக்யூல (சத்தத்தப் பிரிச்சு ஏத்தி எறக்கற திருகு) நல்லா கொறைச்சிட்டு வெறும் கிக் மட்டும் விட்டு, அதுக்கு மேல பறையோ தவிலோ தனியா வர்ற எடத்த எறக்கிப் பாருங்க. பாடற எடத்துல மாத்தவே மாத்தாதீங்க. இன்னொண்ணு, கோம்ல சில பாட்டு மூணு மூணா ஒடையற நடைலயே இருக்கு, குத்துக்கு ஹவுஸ விட அது நல்லாவே பொருந்தும். ஹவுஸ்லேர்ந்து கோம், கோம்லேர்ந்து குத்துன்னு போய்ப் பாருங்க. டர்பன் கல்யாண டிஜேங்க சில பேர் இத காதாலயே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் பேச வராதீங்க, மூணு நாலு பாட்டு ஓடட்டும், அப்புறம் ஒரு தடவை பேரெல்லாம் சேத்துச் சொல்லுங்க. பாடினவர் பேரும் மியூசிக் போட்டவர் பேரும் கண்டிப்பா சொல்லணும், நம்ம ஆளுங்க அத விட்டுடறாங்க.

அதே ஊர் வாசகி: 2016ல ரேடியோல 90 சதவீதம் உள்நாட்டுப் பாட்டுன்னாங்களே, அது டான்ஸுக்கு நல்லதா கெட்டதா?

எஸ்ஏபிசி, அதாவது நம்ம நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தோட ஸ்டேஷனுங்களுக்கு வந்த முடிவு அது. இந்த நாட்டு ஹவுஸ், கோம் செய்யறவங்களுக்கு கதவு தெறந்துச்சு, அது நல்லது. ஆனா லோட்டஸ் மாதிரி இந்தியாலேர்ந்து வர்ற பாட்ட நம்பி இருக்கிற ஸ்டேஷனுக்கு ஒரே நாள்ல அப்படி ஒரு அளவுகோல் வச்சா பாட்டுக்கு எங்க போவாங்க? கேக்குறவங்க கோவப்பட்டாங்க, 2017ல அத மாத்திக்கிட்டாங்க. உள்நாட்டுப் பாட்டு நிறைய வரணும்ங்கறதுதான் என் கட்சியும், ஆனா மொதல்ல நம்ம பசங்க இங்கயே தமிழ்ல டான்ஸ் பாட்டு பதிவு பண்ண ஸ்டூடியோ நேரம், காசு குடுங்க, அப்புறம் சதவீதம் கேளுங்க.

டர்பன் வாசகர்: நண்பனும் நானும் ஆன்லைன்ல தமிழ் டான்ஸ் ஸ்டேஷன் ஆரம்பிக்கப் போறோம். மொதல்ல என்ன பண்ணணும்?

மைக் வாங்கறதுக்கு முன்னாடி பாட்டு உரிமைய பாருங்க தம்பி. பாட்டு எழுதினவர், இசை போட்டவர் உரிமைக்கு சாம்ரோங்கற அமைப்பு; ரெக்கார்ட் கம்பெனி, பாடினவர் வாசிச்சவர் உரிமைக்கு சாம்ப்ராங்கற அமைப்பு; ரெண்டு எடத்துலயும் ஆன்லைனுக்குன்னு சொல்லியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. பழைய சினிமா பாட்ட நீங்களே ரீமிக்ஸ் பண்ணிப் போடறதா இருந்தா அதுக்கு உரிமையாளர்கிட்ட தனி அனுமதி வேணும். அடுத்து, 24 மணி நேரமும் ஓட்டணும்னு ஆசைப்படாதீங்க, வெள்ளி ராத்திரி மூணு மணி நேரம் நேரடியா ஆள் உக்காந்து போடுங்க, மீதி நேரத்துக்கு அந்த மிக்ஸையே திரும்பப் போடுங்க. ஆரம்பிச்சதும் லிங்க் அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.