வீட்டருகே சிவப்புப் புள்ளி: காட்டுத்தீ வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: காட்டை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செயற்கைக்கோள் படத்தில், வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் சிவப்புப் புள்ளி தெரிகிறது. வெளியே புகை எதுவும் இல்லை. 'தீயை நொடிக்கு நொடி காட்டுகிறோம்' என்று ஒருவர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். செயற்கைக்கோள் சூடு கண்ட இடங்களைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் 'ஃபிர்ம்ஸ்' இணைய வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மின்னஞ்சலைப் பதிந்து உங்கள் பகுதியைக் குறித்துவிட்டால், அங்கே புள்ளி விழும்போது எச்சரிக்கையும் வரும். அதற்கும் காசு இல்லை. சந்தா கேட்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தப் புள்ளியை எந்தச் செயற்கைக்கோள், எத்தனை மணிக்கு எடுத்தது? விர்ஸ், மோடிஸ் (செயற்கைக்கோள்களில் பொருத்திய, சூட்டைக் கண்டறியும் கருவிகள்) என்று பதில் வந்தால் இலவசச் சரக்கைத்தான் விற்கிறார். பதிலே வராவிட்டால் அவரோடு பேச்சை வளர்க்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் இந்தப் படத்தைப் பார்க்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. தரகர்கள் பிழைப்பதே அந்த ஓட்டையில்தான்.

விர்ஸ் கருவி தரையை 375 மீட்டர் சதுரங்களாகப் பார்க்கிறது. ஒரு சதுரம் சுமார் 35 ஏக்கர். அதற்குள் எந்த மூலையில் சூடு இருந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். மோடிஸ் என்றால் சதுரம் ஒரு கிலோமீட்டர். ஆகவே உங்கள் 'ஒன்றரை கிலோமீட்டர்' உண்மையில் ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம்.

இதைவிட மோசம் நேரம். விர்ஸ் பொருத்திய செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைக் கடப்பது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவு ஒன்றரையை ஒட்டியும்தான். எடுத்த படம் வரைபடத்தில் ஏறப் பொதுவாக மூன்று மணி நேரம்வரை ஆகும். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றும் தீ அதன் கண்ணில் படவே நள்ளிரவு தாண்டிவிடும். காய்ந்த புல்லில் காற்றோடு ஓடும் தீ அதற்குள் உங்கள் வாசலுக்கு வந்து போயிருக்கும். மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தாலும் புள்ளி விழாது. புள்ளி இல்லாததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

உங்களுக்கு வந்த படத்தில் தேதி இருக்கிறதா? ஏழு நாள் புள்ளிகளை ஒன்றாகக் காட்டும் வசதி அந்த வரைபடத்தில் உண்டு. அதைப் படம்பிடித்து 'இப்போது எரிகிறது' என்று பரப்புகிறார்கள். நீங்களே வரைபடத்தைத் திறந்து, புள்ளியைத் தொட்டு, நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரத்தில் இருக்கும். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புள்ளி உண்டு, புகை இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செங்கல் சூளை, உருக்காலை, எரிவாயு எரிக்கும் குழாய் எல்லாமே செயற்கைக்கோளுக்குச் சூடுதான். சூரியத் தகடு வேய்ந்த கூரை பகலில் வெயிலைத் திருப்பி அடித்தாலும் புள்ளி விழுவதுண்டு. கண்டுபிடிக்க வழி: அதே வரைபடத்தில் தேதியைப் பின்னே தள்ளி, சென்ற மழைக்காலத்தில் அதே இடத்தைப் பாருங்கள். காடு நனைந்து கிடந்த வாரங்களிலும் புள்ளி இருந்தால் அது நிலையான சூடு. பகலில் மட்டும் விழுந்து இரவில் ஒருநாளும் விழாவிட்டால் கூரையைச் சந்தேகிக்கலாம். ஆனால் காட்டுத்தீயும் சில நாள் இரவில் தணியும் என்பதால், ஒரே இரவை வைத்து முடிவு கட்டாதீர்கள். சூளை என்று உறுதியான பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது. கோடையில் சூளையின் பொறி பக்கத்துப் புல்லில் விழுந்தால், அந்தப் பழகிய புள்ளிக்குள்ளேயே புதுத் தீ ஒளிந்திருக்கும். புள்ளிகள் இரண்டாகி மூன்றாகிப் பக்கவாட்டில் நகர்ந்தால் அது சூளை அல்ல.

சந்தாப் பணத்தை வீட்டைச் சுற்றிச் செலவிடுங்கள். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது தீயின் சுவாலை அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு. அது தீக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலும் வந்து விழும். சுவரிலிருந்து ஐந்தடிக்கு எரியக்கூடியது எதுவும் வேண்டாம்; சரளைக்கல் பரப்பலாம். கூரைத் தூம்பில் சருகை அள்ளுங்கள். காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண் உள்ள உலோக வலை அடியுங்கள், பிளாஸ்டிக் வலை உருகிவிடும். விறகு அடுக்கு முப்பதடி தள்ளி இருக்கட்டும். மரத்தின் கீழ்க்கிளைகளை ஆறடி உயரத்துக்குக் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புல் தீ ஏணியில் ஏறுவதுபோல் உச்சிக்கு ஏறும். உங்களுடையது சரிவு. மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம், சரிவு பத்து பாகை கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே பள்ளத்துப் பக்கம் இன்னும் அதிக தூரத்துக்குச் சுத்தம் செய்யுங்கள்.

புதர் வெட்டக் குத்தகை எடுப்பவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. வெட்டியதை வேலியோரம் குவித்துவிட்டுக் கூலி வாங்கிப் போய்விடுவார்கள். இரண்டு வாரத்தில் காய்ந்து அதுவே தீக்கு விருந்தாகும். குப்பையை வெளியேற்றிய பிறகே கடைசித் தவணை என்று முன்பே பேசிவிடுங்கள். இயந்திரம் வைத்து மண் தெரியச் சுரண்டவும் விடாதீர்கள், அடுத்த மழையில் சரிவு கரையும். புல்லை நான்கு அங்குலத்துக்கு வெட்டி வேரை விட்டாலே போதும். அதையும் பனி ஈரம் இருக்கும் காலையில் வெட்டச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் வெட்டும் இயந்திரத்தின் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியிலேயே தீ பிடித்துவிடும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம் மூன்றையும் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். 'மலைக்குப் பின்னால்' என்று சொன்னால் எந்த மலை என்று கேட்பதிலேயே நேரம் போகும். வண்டியைச் சாலையைப் பார்த்து நிறுத்தி வையுங்கள். புகை வாடை வந்தாலோ, வெளியேறச் சொன்னாலோ வரைபடத்தை மறுபடி திறக்காமல் கிளம்புங்கள்.