சீராளன் கதையும் எட்டு வயதுக் கேள்வியும்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஒரே மகள், வயது எட்டு. கைப்பேசியில் கண்டதையும் பார்த்துவிடக் கூடாது என்று, பக்திக் கதைகளும் நீதிக் கதைகளும் சொல்லும் கார்ட்டூன் காணொளிகளை நாங்களே தேடி எடுத்துக் கொடுத்தோம். நாயன்மார் கதை வரிசை ஒன்றை அவள் விரும்பிப் பார்த்து வந்தாள். போன வாரம் அதில் சிறுத்தொண்டர் கதை வந்திருக்கிறது. அன்று இரவு படுக்கையில், "சாமி கேட்டால் நீங்களும் என்னை வெட்டிக் கொடுத்துவிடுவீர்களா அப்பா?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. "அதெல்லாம் கதை, தூங்கு" என்றேன். அதிலிருந்து அவள் பூஜை அறைக்குள் தனியாகப் போக மறுக்கிறாள்.

இனி எந்தச் சாமிக் கதையும் வீட்டில் ஓடக் கூடாது என்கிறாள் என் மனைவி. "நாங்களும் இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?" என்கிறார் என் மாமியார். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. மகளுக்கும் அது வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் அவள் பயப்படுவதைப் பார்க்க முடியவில்லை. நீங்களும் ஒரு தாய். குழந்தைகளுக்கான பக்திப் படங்கள், காணொளிகள் பற்றி உங்கள் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காணொளியின் சுட்டியையும் அனுப்பியிருக்கிறேன்.

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

முதல் வேலையாக மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அவள் கதையைப் பற்றிக் கேட்கவில்லை, உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "மாட்டேன். சாமியே வந்து கேட்டாலும் மாட்டேன்." இவ்வளவுதான் பதில். இதன் பின்னால் ஓர் "ஆனால்" கூட வரக் கூடாது. "அதெல்லாம் கதை" என்று சொன்னது அவளிடம் எடுபடாததில் வியப்பில்லை. பூஜை அறையில் இருக்கும் சாமி நிஜம், அதே சாமி வரும் கதை மட்டும் பொய் என்றால் எந்தக் குழந்தை ஒத்துக்கொள்ளும்? நீங்கள் இப்படிச் சொல்வதால் பக்திக்கு ஒரு பங்கமும் வராது. நானும் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். பூஜை அறைக்குள் போகச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். யாராவது உடன் போங்கள். பயம் தெளிந்ததும் அவளே போவாள்.

நீங்கள் அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். பிறகு சேக்கிழாரின் பெரிய புராணத்தை எடுத்துச் சிறுத்தொண்டர் புராணத்தை மறுபடி வாசித்தேன். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சிறுத்தொண்டருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பரஞ்சோதி. பல்லவர் படையை நடத்தி வாதாபியை வென்று வந்த தளபதி. இவர் சிவனடியார் என்று தெரிந்ததும், இப்படிப்பட்டவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று அரசன் வருந்துகிறான். பொருள் கொடுத்துச் சொந்த ஊரான திருச்செங்காட்டங்குடிக்கு அனுப்பி வைக்கிறான். அங்கே தினமும் ஓர் அடியாருக்கு அன்னமிட்ட பிறகே தான் உண்பது அவர் வழக்கம். ஒரு நாள் சிவனே பைரவக் கோலத்தில் அடியாராக வருகிறார். வீட்டில் சிறுத்தொண்டர் இல்லை. பெண்கள் தனித்திருக்கும் வீட்டுக்குள் வர மாட்டேன் என்று அவ்வூர்க் கோயிலான கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் போய் அமர்கிறார். பின்னர் அவர் கேட்கும் உணவுதான் நமக்குத் தெரியுமே, பிள்ளைக்கறி. ஒரு குடிக்கு ஒரே மகனாக, ஐந்து வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டும். தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும். இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். சிறுத்தொண்டரும் மனைவியும் தங்கள் மகன் சீராளனையே கொடுக்கத் துணிகிறார்கள்.

சேக்கிழார் அடுத்துக் காட்டும் காட்சியை என்னால் ஒரு மூச்சில் வாசித்துவிட முடிவதில்லை. சீராளனின் கிண்கிணி கட்டிய கால்களைத் தாய் தன் மடியில் இடுக்கிக்கொள்கிறாள். இரு கைகளையும் பிடித்துக்கொள்கிறாள். அம்மாவும் அப்பாவும் ஏதோ பெரிய மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்து அந்தக் குழந்தை சிரிக்கிறது. பிள்ளை பெற்று, அதைத் தூக்கி வளர்த்து, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு எழுதப்பட்ட வரிகள் இவை. எதைக் கேட்டால் நம் உயிரே ஆட்டம் காணுமோ அதையே கேட்டுவிட்டால் என்ன செய்வோம் என்று பெற்றவர்களின் இடத்தில் நம்மை நிறுத்திக் கேட்கிறார் சேக்கிழார். எட்டு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் போய் நிற்காது. மடியில் பிடிபட்டுக் கிடக்கும் குழந்தையின் இடத்திலிருந்துதான் அது இந்தக் கதையைக் கேட்கும். உங்கள் மகள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். அவள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. தனக்குரிய இடத்திலிருந்து மிகச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாள்.

காணொளியைச் செய்தவர்கள் இதை ஒரு கணமும் யோசிக்கவில்லை. திரை முழுக்கக் கத்தி, அதற்கு ஒரு முழக்கம், குழந்தையின் கண்கள். பாட்டில் அந்தக் குழந்தை சிரிக்கிறது, இங்கே அதை மிரள வைத்திருக்கிறார்கள். பையன் திரும்பி வரும் இடம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. உண்மையான பக்தர்கள் கடவுளுக்கு எதையும் கொடுப்பார்கள் என்று குழந்தைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் மனைவியின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் இந்தக் கதையை ஒரு மனிதரின் வாயிலிருந்து கேட்டிருப்பார். கிருபானந்த வாரியார் கதை சொன்ன கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முன் வரிசைப் பிள்ளைகளிடம் நடுநடுவே கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார். எந்தப் பிள்ளை முகம் வாடுகிறது, எது கண்ணைக் கசக்குகிறது என்று பார்த்துக்கொண்டே கதை சொல்கிறவருக்கு, எந்த இடத்தை ஒரு வரியில் தாண்ட வேண்டும், எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பது தெரியும். சிறுத்தொண்டர் கதையில், பைரவராக வந்தவர் கடைசியில் மகன் இல்லாமல் உண்ண மாட்டேன் என்கிறார். கூப்பிடச் சொல்கிறார். அவன் இனி உதவான் என்று தெரிந்தும் பெற்றவர்கள் வாசலில் போய் நின்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிற பிள்ளையைப் போல சீராளன் ஓடி வருகிறான். வாயால் கதை சொன்னவர்கள் இந்த இடத்தில்தான் நின்றார்கள். திருச்செங்காட்டங்குடியில் சித்திரையில் நடக்கும் அமுது படையல் விழாவுக்கு, பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் தேடி வருகிறார்கள். அவர்கள் மனத்தில் நிற்பது திரும்பி வந்த பிள்ளைதான்.

இது சைவர் வீட்டுச் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப்போன கதையை ஞாயிறு வகுப்பில் கேட்ட பிள்ளைகளும் இதே கேள்வியோடுதான் வீடு திரும்புவார்கள். திருக்குர்ஆனில் வரும் இப்ராஹீம், தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். மகன் தன் வாயால் சம்மதம் சொல்கிறான். பிள்ளைக்கும் அந்தக் கதையில் பேச ஓர் இடம் இருக்கிறது. இத்தகைய கதையைக் குழந்தைகளுக்குப் படமாக எடுக்கிறவர்கள் கத்தியைக் காட்டும் நேரத்தில் பாதியையாவது இந்த உரையாடலுக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

சாமிக் கதைகளே வேண்டாம் என்ற முடிவில் மட்டும் உங்கள் மனைவியோடு நான் உடன்பட மாட்டேன். காந்தி தன் சத்திய சோதனையில், சிறு வயதில் பார்த்த அரிச்சந்திரன் நாடகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லையாம். அந்த நாடகத்தைத் தனக்குத் தானே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்தாராம். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்ற கேள்வி இரவும் பகலும் அவரைத் துரத்தியிருக்கிறது. ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர்களிடம், கண் தெரியாத பெற்றோரைக் காவடியில் சுமந்து செல்லும் சிரவணனின் படத்தைப் பார்த்ததையும் எழுதுகிறார். அன்றைய குழந்தைகளுக்கு அதுதான் திரை. அரிச்சந்திரன் கதையிலும் மனைவியை விற்கிறார்கள், பாம்பு கடித்துப் பிள்ளை சாகிறது. ஆனாலும் அந்தச் சிறுவன் போய் நின்றது அரிச்சந்திரனின் இடத்தில். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது ஒரு சிறுவனும் செய்து பார்க்கக்கூடிய காரியம்.

ஒரு படத்தையோ காணொளியையோ என் மகனுக்குக் காட்டுவதற்கு முன் நான் பார்த்ததும் இதைத்தான். இந்தக் கதைக்குள் இவன் யாராக நிற்பான்? சாமி எத்தனை முறை வருகிறார், எத்தனை பாட்டு, எவ்வளவு நல்ல கருத்து என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

1965இல் வந்த திருவிளையாடல் படத்தை எங்கள் வீட்டில் பார்க்காத விடுமுறை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே மாம்பழத்துக்காக ஒரு பிள்ளை அப்பா அம்மாவிடம் கோபித்துக்கொண்டு மலையேறிவிடுகிறான். சமாதானம் சொல்ல ஒரு பாட்டி வருகிறாள். அண்ணன் தம்பி இருக்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இது புரியாது? தருமியாக வரும் நாகேஷ் கோயிலில் தனியாக நின்று புலம்பும்போது என் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். நக்கீரர் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று சிவனின் முகத்துக்கு நேரே ஒரு புலவர் சொல்கிறார். என் மகன் ஒவ்வொரு முறையும் நக்கீரர் பக்கம்தான். "சரியாகச் சொன்னவரை ஏன் எரிக்க வேண்டும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டையை நான் அடக்கவில்லை. சாமியோடு வாதாடலாம், வாதாடிய பிறகும் அதே கோயிலுக்குப் போய்க் கும்பிடலாம் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வதை மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

என் வீட்டுக்குள் நான் விடாதவை இரண்டு வகை. ஒன்று, பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்ற வகை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயந்து பொய் சொல்லாத பிள்ளை, பயம் விட்ட அன்றைக்குச் சொல்லிவிடும். மற்றது பார்க்க மிக இனிமையாக இருக்கும். சிறுமி உருகிப் பிரார்த்தனை செய்கிறாள், சாகக் கிடந்த அப்பா எழுந்து உட்கார்கிறார். கோயில், தேவாலயம், தர்கா என்று பின்னணி மாறும், கதை ஒன்றுதான். இதைப் பார்க்கும் பிள்ளைகளில் ஒருத்திக்கு அப்பா இறந்து போயிருப்பார். அவளும்தான் பிரார்த்தனை செய்திருப்பாள். தன்னுடைய பக்தி போதவில்லை, அதனால்தான் அப்பா போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? அந்தக் கதைக்குள் நிற்க அவளுக்கு ஓர் இடமும் இல்லை. இதைச் செய்கிறவர்கள் நல்ல மனத்தோடு செய்கிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தன்னம்பிக்கை, ஊக்கம் என்று வருபவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்துல் கலாம் படத்தைப் போட்டு அவர் சொல்லாததையெல்லாம் சொன்னதாகப் போடுகிறார்கள். ஏழைப் பையன் கலெக்டர் ஆனதோடு கதை முடிகிறது. அவற்றை விட்டுவிடுங்கள், இழப்பு ஒன்றும் இல்லை.

சிறுத்தொண்டர் கதையை உங்கள் மகளிடமிருந்து நிரந்தரமாக ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் சேக்கிழாரின் பாட்டையே எதிரில் வைத்துக்கொண்டு, நீங்களும் அவளுமாகச் சேர்ந்து வாசியுங்கள். அப்போது அவள் இன்னும் கடுமையான கேள்விகள் கேட்பாள். கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. நாயன்மார் வரிசை என்கிறீர்கள், அடுத்து நந்தனார் வருவார். பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கோயில்களுக்குக் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போகும், அவர் போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்கட்டும் என்று நந்தி விலகுகிறது. தில்லையில் தீக்குள் இறங்கி முனிவராக, பூணூலோடு எழுந்த பிறகே உள்ளே போகிறார். பெரும்பாலான குழந்தைக் காணொளிகள் நந்தி விலகியதை அதிசயமாகக் காட்டிவிட்டு, தீயை ஒரு பூரிப்போடு முடித்துவிடுகின்றன. அவரை ஏன் உள்ளே விடவில்லை என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். சாதிதான் காரணம், விடாதது தவறு என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு, 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனதையும் சொல்லுங்கள். அவர்களில் யாரும் தீயில் இறங்கவில்லை. விடுமுறையில் மதுரைக்கு அழைத்துப் போய் அந்தக் கோயிலையும் காட்டுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வழியெல்லாம் கதை சொல்ல ஆள் வேண்டும்.

அன்புடன்.