2013 ஹாக்கி இந்தியா லீக் முதல் சீசன் எப்படிப் போனது?

கேள்வி கேட்டவர் 2013 சீசன் உருப்படியாக நடந்ததா என்று கேட்டிருக்கிறார். நடந்தது, ஆனால் சிக்கலோடு.

பின்னணி தெரிந்தால்தான் விஷயம் புரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா கடைசி இடம், 12ஆவது. அதே ஆண்டில், நாட்டின் ஹாக்கி நிர்வாக அமைப்பான ஹாக்கி இந்தியாவுக்குப் போட்டியாக இருந்த அமைப்பு ஒன்று வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி என்று தனியாக ஒரு லீக் நடத்தியது, சென்னை சீட்டாஸ் அணி அதில்தான் ஆடியது. ஆனால் அதற்கு சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரத்தோடு வந்ததால்தான் ஹாக்கி இந்தியாவின் லீக்கில் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டே, நெதர்லாந்தின் டியூன் டி நோயர் போன்ற நட்சத்திர வீரர்கள் ஆட முடிந்தது.

டெல்லி, பஞ்சாப், மும்பை, ராஞ்சி, உத்தரப்பிரதேசம் என ஐந்தே அணிகள், தெற்கிலிருந்து ஒன்றுகூட இல்லை (இது எனக்கு இன்னும் உறுத்தல்தான்). வீரர்கள் ஏலத்தில் இந்திய நட்சத்திரம் சர்தார் சிங்கை டெல்லி 78,000 டாலருக்கு எடுத்தது. அப்புறம் ஜனவரியில் ஆட்டங்கள் தொடங்கிய கையோடு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஏற்பட்ட பதற்றத்தால் எதிர்ப்பு கிளம்பி, வந்திருந்த பாகிஸ்தான் வீரர்கள் ஒன்பது பேரும் ஊர் திரும்பினார்கள். அவர்களில் நால்வர் மும்பை அணி, அதற்குத்தான் பெரிய அடி.

பிப்ரவரி 10, ராஞ்சியில் இறுதிப் போட்டி. ராஞ்சி ரைனோஸ் 2-1 என டெல்லியை வென்றது. ஜார்க்கண்டில் ஹாக்கிக்கு இருக்கும் வெறி தெரிந்தவர்களுக்கு அன்று மைதானத்தில் திரண்ட கூட்டம் ஆச்சரியமே இல்லை.